மூன்றாவது நாள் குற்றாலம்

எங்கள் தெருவில் தீபாவளிப் பரிசு என்றால் அது கம்பெனியிலிருந்து வருவதுதான். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் இருந்த ஒரு பட்டாசு கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் சேலை ஒன்று, மிட்டாய்ப் பெட்டி ஒன்று, எவர்சில்வர் தூக்குவாளியோ சம்படமோ ஒன்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டு அடுக்குப்பலகையில் இருந்த பாத்திரங்களில் பாதிக்கு மேல் கம்பெனிப் பேர் பொறித்தவை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அந்தப் பரிசு மாறியது. சேலைக்குப் பதிலாகச் சுற்றுலா என்றார்கள். வேலை பார்க்கிறவர்களை மட்டும் அல்ல, புருஷன், பிள்ளை குட்டி எல்லோரையும் சேர்த்து, திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் இரண்டு நாள். பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கம்பெனிச் செலவு. முதலாளியின் மகன் சென்னையில் படித்துவிட்டு வந்திருந்தார். சேலை ஒரு வருஷத்தில் கிழிந்துவிடும், குடும்பத்தோடு ஊர் பார்த்தது சாகிறவரைக்கும் மனதில் நிற்கும் என்று அவர் வேலையாட்களைக் கூட்டி வைத்துப் பேசியதாக அம்மா வந்து சொன்னாள். அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்தப் பயணம் என் மனதில் இன்றைக்கும் நிற்கிறது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எதிர்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு சின்னக் குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. அந்த மனிதர் அம்மாவோடு ஒரே கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை பார்த்தார். அம்மாவை அக்கா என்பார். அவர் மனைவி அம்மாவை மதினி என்பாள். சொந்தம் ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். எங்கள் வீட்டில் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். அவர்கள் வீட்டுக் குழந்தை பாதி நாள் என் தங்கையின் இடுப்பில் இருக்கும்.

தீபாவளி சீசனில் கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. மருந்துக் கலவையைக் காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. சூடு கூடக் கூட ஆபத்து. அந்த வருஷம் ஒரு நாள் மத்தியானம் போர்மேன் எதிர்வீட்டுக்காரரிடம் இன்னொரு கலவை போடச் சொல்லியிருக்கிறார். வெயில் இம்புட்டு இருக்கு, நாளைக்குக் காலையில் போட்டுத் தருகிறேன் என்று அவர் கேட்டிருக்கிறார். லோடு நிற்கிறது, ராத்திரிக்குள் லாரி கிளம்பணும், போய்க் கலக்கு என்று போர்மேன் சொல்லியிருக்கிறார். வெடிக்கான காலிக் காகிதக் குழாய்கள் அடுக்கிய தட்டு எடுக்கப் போன அம்மா மருந்து அறை வாசலில் நின்று இதைக் கேட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. அம்மா வேலை பார்த்த அறையின் ஓடுகள் சரிந்தன. மருந்து அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை. தீபாவளி முடிந்து, வழக்கம்போலக் கம்பெனியை மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்கச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் சர்க்கார் அதிகாரி நடத்தும் விசாரணை பற்றி நோட்டீஸ் ஒட்டினார்கள். விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சிவகாசியில் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது.

எதிர்வீட்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். கம்பெனியில் அவர் தானாகவே மத்தியானத்தில் போய்க் கலக்கினார், யாரும் சொல்லவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அவர் பேரில் தப்பு என்று எழுதிவிட்டால் நஷ்டஈடும் இருக்காது, பேரும் போய்விடும் என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார். அதைவிட வேறொன்று அவளை அரித்தது. செத்தவர் பைத்தியக்காரத்தனமாகச் செத்தார் என்று பிள்ளை வளர்ந்து கேட்டால் என்ன சொல்வது.

"வெள்ளிக்கிழமை வந்துருவீகளா மதினி?"

"வராம என்ன. என் காதால கேட்டதை நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள்தான் கம்பெனிக் கணக்குப்பிள்ளை வீடு வீடாக வந்து சுற்றுலாத் தேதியைச் சொன்னார். புதன்கிழமை விடிகாலை கிளம்பி, வியாழக்கிழமை ராத்திரி ஊர் திரும்புவது. அம்மா அவரிடம் இரண்டு தடவை கேட்டாள், வியாழக்கிழமை ராத்திரி கட்டாயம் திரும்பிவிடுவோமா என்று. அவர் சாமி படத்தைப் பார்த்தபடி, வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார். அப்படியும் அம்மாவுக்கு மனசில்லை. சாவு விழுந்த வீடு எதிரில் இருக்க நாம் ஊர் சுற்றப் போவதா என்றாள். எதிர்வீட்டு அத்தையிடமே போய்க் கேட்டாள். அவள், பிள்ளைகள் எந்த ஊரைப் பார்த்திருக்கு, போயிட்டு வாங்க மதினி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்றாள்.

அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் தீப்பெட்டி கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தார். நாற்பது வயதுக்குள் இடுப்பு போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். பிறந்ததிலிருந்து யாரும் அவருக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. சுற்றுலா என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தாடியை மழித்துக்கொண்டு, வேட்டிக்கு நீலம் போட்டு, பெல்ட் வைத்த ஒரு பழைய பையை யாரிடமோ இரவல் வாங்கி வந்தார்.

பஸ்ஸில் பாட்டுப் போட்டார்கள். சாத்தூர் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டன. கணக்குப்பிள்ளை முன் ஸீட்டில் இருந்துகொண்டு வாழைப்பழமும் முறுக்கும் கொடுத்தபடி இருந்தார். போர்மேன் வரவில்லை. மேனேஜரும் வரவில்லை. அவர்களுக்கு ஊரில் வேலை இருக்கிறது என்றார்கள். யாரும் அதை யோசிக்கவில்லை.

திருச்செந்தூரில்தான் நாங்கள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்பு படித்த என் தங்கை அலையைப் பார்த்து முதலில் அழுதாள், பிறகு வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். அம்மா அலை வந்து தொடும் இடத்தில் உட்கார்ந்து ஈர மணலை அள்ளிக் கைகளில் தேய்த்தாள். பட்டாசில் சேர்க்கிற அலுமினியத் தூள் ஏறி அவள் உள்ளங்கையின் ரேகைகள் எப்போதும் வெள்ளி நிறத்தில் இருக்கும். வீட்டில் எந்தச் சோப்புக்கும் போகாது. கடல் மணலுக்கும் போகவில்லை. "இதுக்கும் போகாது போலிருக்கே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கன்னியாகுமரியில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒரு பாசிமணி மாலை வாங்கினாள். அந்த ஒன்றரை நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்புவதற்காகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நாகர்கோவில் தாண்டியதும் கணக்குப்பிள்ளை மைக்கை எடுத்தார். முதலாளி போன் போட்டார், எல்லோரும் சந்தோஷமாக இருப்பது கேட்டு அவருக்கும் சந்தோஷம், அதனால் இன்னும் ஒரு நாள் கொடுத்திருக்கிறார், நாளைக்குக் குற்றாலம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம் என்றார். பஸ்ஸே கைதட்டியது. பிள்ளைகள் விசிலடித்தன.

அம்மா எழுந்து கம்பியைப் பிடித்தபடி முன்னால் போனாள். தன்னைத் திருநெல்வேலியில் இறக்கிவிடச் சொன்னாள். பஸ் திருநெல்வேலிக்குள் போகாது, அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகிறது என்றார் அவர். ராத்திரியில் ஒரு பொம்பளையை வழியில் எங்கே இறக்கிவிடுவது, நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தென்காசியிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் ராஜபாளையம் வழியாகப் பத்து மணிக்குள் சிவகாசி போய்விடலாம் இல்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். போய்விடலாம் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா முகம் கழுவிச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அப்பா எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தார். பணம் எல்லாம் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். அம்மா பஸ்ஸுக்குக் கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல், எல்லோரும் குடும்பமாக வந்திருக்கிற இடத்தில் நீ மட்டும் தனியாகப் போனால் என்ன நினைப்பார்கள் என்றார். அம்மா பதில் சொல்வதற்குள் தங்கை துண்டு தேடி அப்பாவின் இரவல் பையைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் போட்டாள். என்னுடைய ஒரு பாவாடை தாவணி, தங்கையின் ஒரு கவுன், அப்பாவின் துவைத்து மடித்த சட்டை. அம்மா எங்களுக்கு இரண்டு நாளைக்குத்தான் துணி எடுத்து வைத்திருந்தாள். அது வேறு பையில் இருந்தது.

அம்மா அந்தக் கவுனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணாம் நாளைக்கும் துணி எடுத்துட்டு வந்திருக்கீக."

அப்பா சட்டையை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாகளா?"

அவர் சொன்னார். கணக்குப்பிள்ளை கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கம்பெனி திறந்ததும் கேட்டில் வாட்ச்மேன் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் குடும்பம் ஊரில் இல்லாமல் இருந்தால் போதும்.

"செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. என் இடுப்பை நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க. இன்னும் எத்தனை நாளைக்கு நான் மூட்டை தூக்கணுங்கிற?"

அம்மா கவுனைப் பையின் மேல் போட்டாள். மண்டபத்தில் தலை வாரிக்கொண்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் இருந்த பெண்களிடம் போனாள். எல்லோரும் அவளோடு ஒரே வேனில் போய் வருகிறவர்கள். செத்தவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள். பஸ்ஸுக்கு மட்டும் கொடுங்கள், ஊருக்கு வந்ததும் தந்துவிடுகிறேன் என்று ஒவ்வொருத்தியிடமாகக் கேட்டாள். ஒருத்தி தன் புருஷனிடம் இருக்கிறது என்றாள். ஒருத்தி எல்லாம் செலவாகிவிட்டது என்றாள். அவள் முந்தானை முடிச்சில் பணம் இருந்தது எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். வயதான ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"குடுத்தேன்னு தெரிஞ்சா என்னையும் வேலைக்குக் கூப்பிட மாட்டாக தாயி. எனக்கு வேற என்ன இருக்கு?"

அம்மா வெறுங்கையோடு வெளியே வந்து தென்காசி ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். கண்டக்டரிடம் கெஞ்சியாவது ஏறிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் பின்னாலேயே போனேன். அப்பா வரவில்லை. தங்கையிடம், அம்மா உன்னை விட்டுட்டுப் போறா பாரு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் செருப்பில்லாமல், அவிழ்ந்த தலையோடு, ரோட்டின் நடுவே அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு வேன்காரர் பிரேக் போட்டுத் திட்டிவிட்டுப் போனார். அம்மா நின்றாள். திரும்பி வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைத்துக்கொள்கிற வயது தாண்டிய பிள்ளை. அப்படியே சுமந்துகொண்டு மண்டபத்துக்குத் திரும்பினாள்.

அருவியில் தண்ணீர் உண்மையிலேயே நன்றாக விழுந்தது. சாரல் ரோடு வரைக்கும் வந்தது. எல்லோரும் குளித்தார்கள். அப்பா அருவிக்கடியில் நெடுநேரம் நின்று இடுப்பில் தண்ணீர் விழ விட்டுக்கொண்டிருந்தார். அம்மா குளிக்கவில்லை. துணிமணிகளைக் காவல் காக்கிறவள்போலப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் கைக்கடிகாரம் இருந்தது. மணி என்ன ஆச்சு என்று கேட்டாள். பதினொன்று என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை.

சொன்னபடி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். எதிர்வீட்டு வாசற்படியில் அந்த அத்தை உட்கார்ந்திருந்தாள். காலையில் விசாரணைக்குக் கட்டிக்கொண்டு போன நல்ல சேலையை இன்னும் மாற்றவில்லை. நாங்கள் எங்கே போனோம் என்று அங்கேயே யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து தெருப் பெண்கள் இறங்கி அவளைத் தாண்டி வேகமாகப் போனார்கள். அம்மா போகாமல் அவள் முன்னால் நின்றாள். அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"குத்தாலத்துல தண்ணி நல்லா விழுந்துச்சா மதினி?"

பின்னால் பையோடு வந்த அப்பா, "நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் பாசிமணி மாலையை என்னிடம் கொடுத்து அனுப்பினாள் அம்மா. அத்தை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அம்மா சிவகாசிக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். விசாரித்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமையே வந்திருக்கக் கூடாதாம்மா என்று கேட்டார். பிறகு உட்காரச் சொல்லி, அம்மா கேட்டதை எல்லாம் கேட்டபடியே சொல்ல எழுதிக்கொண்டார். கலக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று போர்மேனும் மேனேஜரும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் இருந்த வேலை அதுதான். அம்மா சொன்னதற்கு வேறு யாராவது சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். செத்தவர் மத்தியானம் மருந்து அறைக்குப் போனதையும் அதற்கு முன்னால் போர்மேன் அங்கே நின்றதையும் பார்த்தவர்கள் பேரை அம்மா சொன்னாள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

செத்தவரின் கவனக்குறைவு என்றுதான் கடைசியில் முடிந்தது. கம்பெனி இரக்கப்பட்டு ஏதோ கொடுத்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகை பிறந்து பூஜை போட்டுக் கம்பெனியைத் திறந்தார்கள். வேன் பழையபடி தெருவுக்கு வந்தது. எங்கள் வாசலில் நிற்காமல் போனது. அம்மா மூன்று நாள் தூக்குவாளியோடு கிளம்பி நின்றாள், நான்காம் நாள் நிற்கவில்லை. அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கவில்லை. அவர் மேலும் பல வருஷம் மூட்டை தூக்கினார். தன் வாழ்க்கையில் வந்த ஒரே நல்லதை அம்மா கெடுத்துவிட்டாள் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை எப்படியாவது ஒரு வார்த்தையில் கொண்டுவந்துவிடுவார். அம்மா சோறு போட்டு வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துப் பேசியும் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அத்தை தை மாதத்தில் தன் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். அதற்கு முன்னால் அம்மா ஒரு நாள் அவளிடம் போய், தான் சிவகாசி போய்ச் சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டாள். தெரியும் என்றாள். "அன்னைக்கு வந்திருக்கணும் மதினி. அங்கன நான் ஒருத்தியா உக்காந்திருந்தேன்" என்றாள். வண்டியில் சாமான் ஏற்றிய அன்றைக்கு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

என் தங்கைக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. பொங்கல் விடுமுறை முடிந்து அவள் பள்ளிக்கூடத்தில் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியது வகுப்பிலேயே நன்றாக இருந்ததாம், டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் வாசித்துக் காட்டினாள். அம்மா தீப்பெட்டிக்கு மேல்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் இப்போது வேலை. அப்பா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். கடல் பச்சையாக இருந்தது, படகு ஆடியது, அப்பா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார் என்று வாசித்துக்கொண்டு வந்தவள், மூன்றாம் நாள் குற்றாலம் சென்றோம், அருவியில் என் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு குளித்தார்கள், அன்றுதான் என் வாழ்க்கையிலேயே மிகவும் மகிழ்ச்சியான நாள் என்று முடித்தாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பசை காய்வதற்குள் அவள் அடுத்த பெட்டியை எடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று தங்கை கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றாள் அம்மா.